மூச்சு வாங்கவைக்கும் பொடி

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்த ஏழு நிமிடத்துக்காக விடியற்காலையில் எழுந்து ஓடும் பிள்ளைகள் தருமபுரி மாவட்டத்தில் ஏராளம். தருமபுரி நகரத்துக்காரர்களுக்கு விளையாட்டரங்கம் இருக்கிறது. பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானம், ஏரிக்கரை, இல்லையென்றால் தார்ச்சாலை. இவர்களுடைய அண்ணன்மார்கள் கேழ்வரகுக் களியும் அவித்த முட்டையும் சாப்பிட்டு ஓடித்தான் வேலைக்குப் போனார்கள். இப்போது ஓடுபவர்களின் செல்பேசியில் வேறொரு சங்கதி வருகிறது. புரதப் பொடி பழசாகிவிட்டதாம். கீட்டோன் பொடியைத் தண்ணீரில் கலந்து குடித்தால் களைப்பே தெரியாதாம், கொழுப்பு தானாகக் கரையுமாம், மூளை பளிச்சென்று வேலை செய்யுமாம். இணையத்தில் ஆர்டர் போட்டால் நான்கு நாளில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

கீட்டோன் குடிப்பவரின் மூச்சை என்ன செய்கிறது என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். சுகர் மாத்திரை இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருக்கும் நம் ஊரில், அந்த அளவுகளை விவரமாகவே தெரிந்துகொள்வது நல்லது.

கீட்டோன் ஒன்றும் அந்நியப் பொருள் அல்ல. சாப்பாடு இல்லாமல் உடம்பு நாள் கடத்தும்போது கல்லீரல் கொழுப்பை உடைத்துத் தயாரிக்கும் எரிபொருள் அது. மூளைக்குக் கொழுப்பை நேரடியாக எரிக்கத் தெரியாது. குளுகோஸ் தட்டுப்பட்டால் கீட்டோனை எரித்துக்கொள்ளும். பல வாரங்கள் பட்டினி கிடப்பவர்களின் மூளை பெருமளவு கீட்டோனைக் கொண்டே ஓடுகிறது என்பதை 1960களில் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கஹில் குழுவினர் நிறுவினார்கள். 1948 ஜனவரி 13 அன்று காந்தி தொடங்கிய கடைசி உண்ணாவிரதத்தின்போது அவருடைய சிறுநீரில் அசிட்டோன் தென்பட்டதாக மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள். அதுவும் கீட்டோன் வகைதான். ஆக, கீட்டோன் என்பது பட்டினியின் அடையாளம். வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே அந்த அடையாளத்தை மட்டும் ரத்தத்தில் ஏற்றிக்கொள்வதற்குத்தான் பொடியும் பானமும்.

இதன் பிறப்பிடம் ஜிம் அல்ல, ராணுவம். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவு, களத்தில் சோறு தண்ணீர் இல்லாமல் நிற்கும் சிப்பாய்க்கு ஒரு எரிபொருள் வேண்டும் என்று பணம் ஒதுக்கியது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ரிச்சர்ட் வீச்சும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கியரன் கிளார்க்கும் சேர்ந்து கீட்டோன் எஸ்டர் என்ற பானத்தை உருவாக்கினார்கள். குடித்தவர்கள் முகத்தைச் சுளிக்கும் அளவுக்குக் கசப்பு. 2016இல் இதைக் குடித்த சைக்கிள் வீரர்கள் அரை மணி நேரப் போட்டியில் சராசரியாகச் சுமார் 400 மீட்டர் கூடுதலாகப் போனதாக ஆக்ஸ்போர்டு குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கீட்டோன் வியாபாரம் சூடுபிடித்தது அதன் பிறகுதான்.

நம் ஊருக்கு வருவது பெரும்பாலும் அந்த எஸ்டர் அல்ல. அதன் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. வருவது கீட்டோன் உப்பு. டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்தால் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட் என்ற நீளமான பெயரும், அதோடு சோடியம், கால்சியம், மெக்னீசியம் என்று உப்புகளும் இருக்கும். இன்னொரு வகை, மிட்டாய்போல் மென்று தின்னும் கீட்டோ கம்மி. ஆய்வுக்கூடங்களில் ஒரு வேளைக்கு 20, 30 கிராம் கொடுத்துத்தான் விளைவை அளக்கிறார்கள். கம்மியில் இருப்பது ஒரு கிராமை ஒட்டி. அதைத் தின்பவருக்கு மூச்சும் மாறாது, எடையும் குறையாது. பர்ஸ் மட்டும் இளைக்கும்.

எஸ்டருக்கு வருவோம், மூச்சுக்கதை அங்கேதான் தொடங்குகிறது. கீட்டோன் ஓர் அமிலம். ரத்தத்தின் அமில, காரச் சமநிலை மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டியது; பிஎச் அளவில் 7.35 முதல் 7.45 வரை. அமிலம் உள்ளே வந்தால் ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அதைச் சமன்செய்யும். அப்போது கரியமில வாயு வெளிவரும். எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைப் போட்டால் பொங்கி வருகிறதே, அதே வேதியியல்தான். பொங்கிய வாயு வெளியேற உடம்பில் ஒரே வழி நுரையீரல். கழுத்துத் தமனி பிரியும் இடத்திலும் மூளைத்தண்டிலும் இருக்கும் உணர்விகள் அமிலம் கூடியதை நொடியில் கண்டுபிடித்து, மூச்சைக் கூட்டு என்று உத்தரவு போடும். மூச்சு ஆழமாகும், வேகமும் ஏறும். நமக்கு ஆக்ஸிஜன் குறைந்ததால் வரும் மூச்சிரைப்பு இல்லை இது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வரும் மூச்சு.

2017இல் வெளியான ஓர் ஆக்ஸ்போர்டு ஆய்வில், ஆரோக்கியமான பெரியவர்களுக்குக் கூடுதல் அளவு எஸ்டர் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்தத்தின் பிஎச் 7.4 என்ற நிலையிலிருந்து 7.3ஐ ஒட்டி இறங்கியது, பைகார்பனேட்டும் குறைந்தது. நான்கு மணி நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. இப்படிப் பானம் குடித்தவர்களின் மூச்சை அளக்கும்போது, நிமிடத்துக்கு உள்ளே வெளியே போகும் காற்றின் அளவு கூடுகிறது. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவின் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியக்கூடத் தெரியாது. ஓடும்போதோ மாடிப்படி ஏறும்போதோ வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே மூச்சு வாங்குவதுபோல் இருக்கலாம். ஆபத்து என்று சொல்ல முடியாது. சிறுநீரகமும் நுரையீரலும் கணையமும் நன்றாக இருப்பவருக்கு இது சில மணி நேர விருந்தாளி.

ஆனால் காவலர் தேர்வுக்கு ஓடும் பிள்ளைக்கு இதனால் என்ன லாபம்? லாபம் இருக்கட்டும், நட்டமே வரலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு எஸ்டர் கொடுத்து 20 நிமிடப் போட்டி வைத்தார்கள். 2023இல் வெளியான அந்த ஆய்வில், எஸ்டர் குடித்தபோது வீரர்களின் சராசரித் திறன் சுமார் 2.4 சதவீதம் குறைந்தது. அதே குழுவின் ஆய்வுகளில், ஒரே வேகத்தில் மிதித்தாலும் எஸ்டர் குடித்தவருக்கு இதயத் துடிப்பும் மூச்சும் கூடுதலாக இருந்தன. அதற்கு முன் 2017இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்று வேறொரு வகைக் கீட்டோன் பானத்தைத் தொழில்முறை வீரர்களுக்குக் கொடுத்தபோது வயிற்றைப் பிரட்டியதுதான் மிச்சம். நேரமும் சுமார் 2 சதவீதம் பின்தங்கியது. 7 நிமிடம் என்பது 420 நொடி. அதில் 2 சதவீதம் 8 நொடிக்கு மேல். எட்டு நொடியில் எத்தனை பேருடைய வேலை போயிருக்கிறது என்பதை அந்த மைதானத்தில் விசில் ஊதும் பயிற்சியாளரைக் கேட்டால் சொல்வார். சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கமே 2025 அக்டோபரில், கீட்டோன் பானங்களால் திறன் கூடுவதற்கு வலுவான ஆதாரம் இல்லை, அவற்றைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்துவிட்டது.

மூச்சைக் கூட்டும் குணத்தால் நன்மையே இல்லையா என்றால், இருக்கலாம். மலையேறுபவர்கள் விழுங்கும் அசிட்டசோலமைடு மாத்திரை ரத்தத்தைச் சற்று அமிலமாக்கித்தான் மூச்சைத் தூண்டுகிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில், ஆக்ஸிஜன் குறைத்த காற்றைச் சுவாசிக்கவிட்டு எஸ்டர் கொடுத்துப் பார்த்தபோது ரத்த ஆக்ஸிஜன் அளவு ஓரளவு தாக்குப்பிடித்தது. போட்டித் திறன் மட்டும் கூடவில்லை. உடல் பருமனால் மூச்சு மந்தப்பட்டு, உடம்பில் கரியமில வாயு தேங்கும் நோயாளிகளுக்கு இது உதவுமா என்ற கேள்வியும் ஆராய்ச்சியில் இருக்கிறது. இவையெல்லாம் மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டிய வேலைகள். நம் மாவட்டத்து மலைகளான வத்தல்மலையும் சித்தேரியும் அந்த அளவுக்கு ஆக்ஸிஜன் குறையும் உயரம் இல்லை.

உப்பு வகைக்கு இந்த அமிலப் பிரச்சினை கிடையாது. சொல்லப்போனால் ரத்தத்தைக் காரப் பக்கமே கொஞ்சம் நகர்த்துகிறது. அதில் தொந்தரவு வேறு. கீட்டோன் அளவை ஏற்ற வேண்டுமென்றால் கூடவே சோடியத்தையும் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அது கூடவே கூடாது. குடிக்கிற தண்ணீரில் கரைந்திருப்பது பல்லையும் எலும்பையும் என்ன செய்யும் என்று ஃபுளூரைடைக் குடித்துத் தெரிந்துகொண்ட மாவட்டம் இது. அதற்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காசு கொடுத்து வாங்கிக் கலக்கும் தண்ணீரிலும் என்ன கரைந்திருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

இதுவரை பேசியது ஆரோக்கியமானவரைப் பற்றி. எனக்கு உண்மையில் பயம் இருப்பது அவரைப் பற்றி அல்ல.

1874இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், நீரிழிவு முற்றி நினைவிழக்கும் நோயாளிகளிடம் ஒரு விசித்திரமான சுவாசத்தைக் கண்டு எழுதினார். மூச்சுக்குழலில் அடைப்பில்லை, காற்று தாராளமாகப் போய்வருகிறது. ஆனாலும் அவர்கள் நெஞ்சு முழுக்க இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார்கள். அந்த மூச்சுக்கு இன்றும் அவர் பெயர்தான். காரணம் பிறகு விளங்கியது: இன்சுலின் இல்லாததால் கீட்டோன் கட்டுக்கடங்காமல் பெருகி, ரத்தம் அமிலமாகி, அந்த அமிலத்தைத் துரத்த உடம்பு மூச்சை முடுக்குகிறது. எஸ்டர் குடித்தவருக்கு நடக்கும் அதே இயக்கம். வித்தியாசம் ஒன்றுதான். நலமாக இருப்பவரின் கணையத்தில் இன்சுலின் இருக்கிறது. கீட்டோன் ஏறினால் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். நீரிழிவு கட்டுக்கு மீறியவருக்கு அந்தத் தடுப்பு இல்லை. ரத்தக் கீட்டோன் 3 மில்லிமோலைத் தாண்டி, பிஎச் 7.3க்குக் கீழே போனால் அது நீரிழிவு கீட்டோ அமிலத்துவம். சிகிச்சை தாமதமானால் உயிர் போகும்.

இந்த மூச்சை நம் ஊரில் எப்படிப் புரிந்துகொள்கிறோம்? ‘இழுப்பு வந்திருச்சு’, ‘வீசிங்’. குழந்தைக்கு என்றால் ‘சளி கட்டியிருக்கு’. அதுவரை சுகர் இருப்பதே தெரியாத பத்து வயதுப் பிள்ளை ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் சிறுநீர் போய், வாந்தியெடுத்து, கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டு வரும். நெபுலைசர் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த நாள் தாமதமாகிவிடும். வாயில் அழுகிய பழ வாடை, அல்லது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வந்தால் அது அசிட்டோன். ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் வீசிங் சத்தம் கேட்காது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடிகிறது. காரணம், புதிதாக வந்து பரவலாகிவிட்ட ஒரு வகை மாத்திரை. டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை ரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகின்றன. நல்ல மருந்துகள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்புத் தருபவை. டாப்பாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020 அக்டோபரிலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. பிறகு விலை சரிந்தது. 60 ரூபாயை ஒட்டி இருந்த மாத்திரை பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழை நோயாளிக்கு நல்லதுதான். ஆனால் இந்த மாத்திரை சாப்பிடுபவர்களில் சிலருக்குக் கீட்டோ அமிலத்துவம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதத்திலேயே எச்சரித்துவிட்டது. அதில் இன்னொரு கொடுமை, அப்போது ரத்தச் சர்க்கரை 200, 250க்குக் கீழேயே இருக்கக்கூடும். குளுகோமீட்டர் பார்த்து ‘சுகர் நார்மல்’ என்று சொல்லிவிடுவார்கள். நோயாளியோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார்.

இந்த ஆபத்தைத் தூண்டுபவை எவை? சாப்பிடாமல் இருப்பது, வாந்தி பேதி, காய்ச்சல், மது, அறுவை சிகிச்சை, மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது. கடைசியாகச் சொன்னதுதான் கீட்டோ டயட். டாப்பாகிளிஃப்ளோசின் சாப்பிடும் ஒருவர், யூடியூப் பார்த்து அரிசியையும் களியையும் நிறுத்தி, அதற்கு மேல் கீட்டோன் பொடியும் குடித்தால், ரத்தக் கீட்டோனை மூன்று பேர் சேர்ந்து ஒரே திசையில் தள்ளுவதாக ஆகிவிடும். மூச்சு வாங்கினால், ‘கொழுப்பு கரையுது, ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் ஆறுதல் கிடைக்கும்.

மாவுச்சத்தைக் குறைப்பதையே நான் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நியாண்டர் செல்வன் போன்றவர்கள் ஃபேஸ்புக் வழியாகப் பேலியோ உணவுமுறையைத் தமிழில் பரப்பியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் தாங்கள் எவ்வளவு மாவு தின்கிறோம் என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தார்கள். இந்தியர்களின் உணவில் சுமார் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஐசிஎம்ஆர் ஆய்வும் சொல்கிறது. 2023இல் வெளியான அதே ஆய்வுத் தொடரின் கணக்குப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. அந்த ஆண்டு மே மாதம் தருமபுரியிலும் நீலகிரியிலும்தான் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல திட்டம். ஆனால் கேழ்வரகிலும் எழுபது சதவீதத்தை ஒட்டி மாவுச்சத்துதான். காட்டு வேலைக்குப் போனவர் உருட்டித் தின்ற களி உருண்டையின் அளவை, பைக்கில் கடைக்குப் போய்வரும் மகன் அப்படியே தொடர்ந்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். உருண்டையைச் சின்னதாக்குவதும் கீரையையும் கடலையையும் கூட்டுவதும் மருத்துவரைக் கேட்டு மருந்தளவை மாற்றிக்கொள்வதும் ஒரு வழி. டப்பாவில் வரும் பட்டினி வேறு வழி. அதை நம்மிடம் விற்பவர், ‘சுகர் இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சட்டம் கேட்கச் சொல்லவும் இல்லை. இத்தகைய பொருட்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஊட்டச்சத்துப் பொருள் விதிகளின் கீழ் உணவாகவே விற்கப்படுகின்றன. மருத்துவர் சீட்டு வேண்டாம். ‘மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது’ என்று லேபிளில் இருக்க வேண்டும், நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்பதோடு சரி. நீரிழிவு உள்ளவர்கள், குறிப்பாகச் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைக் குடிக்கக் கூடாது என்று டப்பாவின் முகப்பில், தமிழில், படிக்கிற அளவு எழுத்தில் அச்சிட வைக்க வேண்டும்.

மருத்துவத் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் பட்டை அசிட்டோ அசிட்டேட்டைத்தான் காட்டும். அமிலத்துவத்தில் அதிகம் பெருகும் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரேட்டைக் காட்டாது. ஆகவே அதில் நிறம் மங்கலாக இருந்தாலும் நோயாளி தப்பித்துவிட்டார் என்று பொருள் இல்லை. விரல் நுனி ரத்தத்தில் கீட்டோன் பார்க்கும் கருவி குளுகோமீட்டர் அளவுதான் இருக்கும். சித்தேரி மலையிலிருந்தோ ஒகேனக்கல் காட்டோரத்திலிருந்தோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துசேர ஆகும் நேரத்தை யோசித்தால், அந்தக் கருவி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 108 வண்டியிலும் இருக்க வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை.

அதுவரைக்கும் வீட்டில் செய்யக்கூடியது இது. உங்கள் வீட்டுச் சுகர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், விரதம், வாந்தி, சாப்பிட முடியாத காய்ச்சல் ஆகிய நாட்களில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அறுவை சிகிச்சை என்றால் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை சாப்பிடுபவர் வாந்தியோடு ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சு விட்டால், சர்க்கரை அளவு 150 என்று காட்டினாலும் 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் ‘கீட்டோன் பாருங்கள்’ என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.